ஸ்கேன் செய்துவிட்டால் அசல் உயிலை அழித்துவிடலாமா? பிரிட்டனில் மூதாதையரைத் தேடுவோரை உலுக்கிய கேள்வி

வில்லியம் ஷேக்ஸ்பியர் எந்தத் தேதியில் பிறந்தார் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஏப்ரல் 23 என்று உலகமே கொண்டாடுகிறது. ஆனா, அதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு வரி. 1564 ஏப்ரல் 26 அன்று, ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊர் தேவாலயத்தில், ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக லத்தீன் மொழியில் எழுதிவைத்த வரி.

அவருடைய வாழ்க்கையின் மறுமுனையில் இன்னொரு ஆவணம் இருக்கிறது. 1616 மார்ச் 25 தேதியிட்ட மூன்று பக்க உயில். அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார்.

ஒரு தேவாலயப் பதிவேடு, ஒரு உயில். இங்கிலாந்தில் தன் பரம்பரையைத் தேடிப் போகிறவர் பிரபு வீட்டு வாரிசாக இருக்கலாம், செருப்புத் தைத்தவரின் கொள்ளுப் பேரனாக இருக்கலாம். 200, 300 ஆண்டுகள் பின்னால் போகும்போது பெரும்பாலும் கைகொடுப்பவை இந்த இரண்டும்தான்.

இதில் ஒன்றான உயிலின் அசல் காகிதத்தை இன்னும் பாதுகாக்கத்தான் வேண்டுமா என்று பிரிட்டன் அரசே ஒரு கேள்வி கேட்டது. அங்கேதான் சர்ச்சை வெடித்தது.

சர்ச்சை எங்கே தொடங்கியது?

2023 டிசம்பரில் பிரிட்டன் நீதித்துறை அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1858 முதல் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற உயில்களின் அசல் பிரதிகள் அரசிடம் இருக்கின்றன. தொடர்புடைய தாள்களையும் சேர்த்தால் சுமார் 11 கோடி ஆவணங்கள். இவற்றைப் பாதுகாக்க ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் பவுண்டு செலவாகிறது.

அமைச்சகம் சொன்ன வழி இதுதான்: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவோம். அசல் காகிதத்தை 25 ஆண்டுகள் மட்டும் வைத்திருப்போம். அதன் பிறகு அழித்துவிடலாம். வரலாற்று முக்கியத்துவம் உள்ள பிரபலங்களின் உயில்களை மட்டும் காகிதமாகவே காப்பாற்றுவோம்.

2024 பிப்ரவரி வரை பொதுமக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர்கள், ஆவணக் காப்பாளர்கள், குடும்ப வரலாறு தேடும் சங்கங்கள் என்று பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். கையெழுத்து இயக்கமும் நடந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். ஸ்கேன்தான் இருக்கப் போகிறதே, பழைய காகிதத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? இதைப் புரிந்துகொள்ள, இந்த ஆவணங்கள் எப்படி உருவாயின, அவற்றில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பாரிஷ் பதிவேடு எப்படி வந்தது?

ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதிதான் பாரிஷ். நம்மூர் கத்தோலிக்க சபையில் 'பங்கு' என்று சொல்வார்கள்.

1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒரு உத்தரவு போட்டார்: ஒவ்வொரு பாரிஷும் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும். அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை அதில் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டு போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று சபை நிர்வாகிகளிடம். எழுதத் தவறினால் அபராதம்.

மக்கள் இதை நம்பவில்லை. புது வரி போடத்தான் இந்தக் கணக்கு எடுக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. குடும்ப நினைவைக் காப்பாற்றுவது யாருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை. யார் எந்த ஊர்க்காரர், யாருக்கு எப்போது வயது வந்தது, சொத்துக்கு யார் வாரிசு என்று தெரிந்துகொள்ள ஓர் ஆட்சி செய்த ஏற்பாடு அது.

ஆரம்பத்தில் பல ஊர்களில் காகிதத்தில்தான் எழுதினார்கள். ஈரம், எலி, கவனக்குறைவு எல்லாம் சேர்ந்து பல புத்தகங்கள் வீணாயின. 1598இல் எலிசபெத் ராணி காலத்தில் புது உத்தரவு வந்தது. பழைய பதிவுகளைத் தோல் தாளில் நகல் எடுக்க வேண்டும். அதோடு ஆண்டுதோறும் ஒரு நகலை பிஷப் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவு நமக்குக் கிடைத்ததே இப்படித்தான். இன்று இருப்பது 1600ஆம் ஆண்டு வாக்கில் தோல் தாளில் எடுத்த நகல். முதலில் எழுதிய புத்தகம் இல்லை. நகல் எடுத்தவர் எதையாவது விட்டாரா, மாற்றினாரா என்று இனி யாராலும் சரிபார்க்க முடியாது.

எந்த ஆண்டில் என்ன கிடைக்கும்?

இங்கிலாந்துக் குடும்ப வரலாற்றைத் தேடுபவர்கள் பொதுவாக இன்றிலிருந்து பின்னோக்கி நடப்பார்கள். வழியில் சில மைல்கற்கள் உண்டு.

- 1837 ஜூலை 1: இங்கிலாந்து, வேல்ஸில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கிய நாள். இதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயப் படி ஏற வேண்டியதுதான்.

- 1813: அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனாரின் தொழிலும் வசிக்கும் இடமும் இருக்கும். அடக்கப் பதிவில் இறந்தவரின் வயது இருக்கும். இதற்கு முன்பு பல ஊர்களில் வெறும் பெயரும் தேதியும்தான்.

- 1754: லார்ட் ஹார்ட்விக் கொண்டுவந்த திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர்கள், யூதர்கள் தவிர மற்ற எல்லோரும் இங்கிலாந்து திருச்சபையில்தான் மணம் முடிக்க வேண்டும். மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். திருமணத்துக்கு முன்பு சபையில் அறிவிப்பு வாசிப்பதும் பதிவாகும். நம்மூர் சபைகளில் 'ஓலை வாசிக்கிறது' என்பார்களே, அதேதான்.

- 1733: பதிவேடுகளில் லத்தீன் முடிவுக்கு வந்த ஆண்டு. அதற்கு முன்னால் போனால் ஜான் என்பவர் 'ஜொஹானஸ்' ஆகவும், வில்லியம் 'குலியெல்மஸ்' ஆகவும் இருப்பார்கள்.

அந்தப் பெருக்கல் குறி கூட இன்று ஒரு தரவு. எந்தக் காலத்தில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதத் தெரிந்திருந்தது என்று ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 404 பாரிஷ்களின் பதிவேடுகளை வைத்து 1541 முதல் 1871 வரை இங்கிலாந்தின் மக்கள்தொகை எப்படி ஏறி இறங்கியது என்று கணித்து, 1981இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதியைப் பொறுமையாக எண்ணிக் கொடுத்தவர்கள் உள்ளூர் தன்னார்வலர்கள்.

எங்கே தடுக்கி விழ வாய்ப்பு இருக்கிறது?

பதிவேடு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல், காலண்டர். 1751 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது ஜனவரி 1 அன்று கிடையாது, மார்ச் 25 அன்று. அதனால் ஒரு குழந்தைக்கு 1700 டிசம்பரில் ஞானஸ்நானம், 1700 ஜனவரியில் அடக்கம் என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த ஜனவரி, டிசம்பருக்கு அடுத்த மாதம். இன்றைய கணக்கில் அது 1701. போதாக்குறைக்கு, 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் இருந்த 11 தேதிகள் அந்த நாட்டு வரலாற்றிலேயே கிடையாது.

இரண்டாவது சிக்கல், பெயர். காதில் விழுந்ததை குமாஸ்தா எழுதுவார். ஷேக்ஸ்பியரின் திருமணமே இதற்கு உதாரணம். 1582 நவம்பர் 27 அன்று வூஸ்டர் பிஷப்பின் பதிவேட்டில் மணமகள் பெயர் 'ஆன் வேட்லி' என்று இருக்கிறது. மறுநாள் எழுதிய பிணைப் பத்திரத்தில் 'ஆன் ஹாத்வே'. இரண்டு பெண்களா என்று ஒரு காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. குமாஸ்தாவின் பிழைதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

மூன்றாவது, வரி. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி. பரம ஏழைகளுக்கு விலக்கு. அதனால் அந்த ஆண்டுகளில் 'ஏழை' என்ற குறிப்பு திடீரென்று கூடும். இரக்கப்பட்ட பாதிரியார்கள் வரியிலிருந்து காப்பாற்ற அப்படி எழுதியதும் உண்டு. உங்கள் மூதாதையரைப் பற்றி அந்தச் சொல்லைப் பார்த்தால் உடனே நம்பிவிட முடியாது.

நான்காவது, வெற்றிடம். 1640களில் உள்நாட்டுப் போர் வந்தபோது பல ஊர்களில் பதிவு நின்றுபோனது. பாப்டிஸ்ட், குவேக்கர், கத்தோலிக்கர் போன்றவர்களின் பிறப்பு பாரிஷ் பதிவேட்டில் இல்லாமலே போகலாம். திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தை என்றால் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் பல நேரங்களில் காலி.

உயில் என்ன கூடுதலாகச் சொல்லும்?

பதிவேடு மூன்று தேதிகளைச் சொல்லும். அந்த மூன்று தேதிகளுக்கு நடுவில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதை உயில்தான் சொல்லும்.

கல்யாணமாகிப் போன மகளின் புது குடும்பப் பெயர், அண்ணன் வாங்கிய கடன், பேரனுக்கு எழுதிய வெள்ளிக் கரண்டி, ஊர் ஏழைகளுக்கு விட்ட சில ஷில்லிங். பதிவேட்டில் தனித்தனியாக நிற்கும் பெயர்களுக்கு நடுவே என்ன உறவு என்று கட்டிக் காட்டுவது உயில். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை பல உயில்களோடு வீட்டுச் சாமான் பட்டியலும் சேர்ந்து வரும். அடுப்பங்கரைப் பாத்திரம், படுக்கை, மாடு, தறி என்று அறை அறையாக எழுதி விலை போட்டிருப்பார்கள்.

எங்கே தேடுவது? 1858 ஜனவரி 12க்கு முன்பு உயில்களுக்கு ஒப்புதல் கொடுத்தவை தேவாலய நீதிமன்றங்கள். சொத்து ஒரே வட்டாரத்தில் இருந்தால் உள்ளூர் நீதிமன்றம். ஒன்றுக்கு மேற்பட்ட பிஷப் எல்லைகளில் இருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். கேன்டர்பரி நீதிமன்றத்தின் 1384 முதல் 1858 வரையான உயில்கள் லண்டன் கியூ பகுதியில் உள்ள நேஷனல் ஆர்கைவ்ஸில் இருக்கின்றன. 10 லட்சத்துக்கும் மேல். இவற்றை இணையத்திலேயே தேடலாம். உள்ளூர் உயில்களுக்கும் பாரிஷ் பதிவேடுகளுக்கும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகம்.

உயிலில் பெயர் இல்லை என்றால் ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா? அவசியம் இல்லை. மூத்த மகனுக்கு நிலம் ஏற்கெனவே போயிருக்கலாம். அவன் பெயரை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு இரண்டாவது சிறந்த கட்டிலை எழுதி வைத்தார். அது அவமதிப்பா, அன்பா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை.

உயில் எழுத முடியாதவர்கள் எங்கே?

1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, திருமணமான பெண் கணவரின் சம்மதம் இல்லாமல் பொதுவாக உயில் எழுத முடியாது. அதனால் பழைய காலத்தில் பெண்கள் எழுதிய உயில் என்றால் பெரும்பாலும் அவர் விதவை, அல்லது மணமாகாதவர். சொத்தே இல்லாத கூலிக்காரர் உயில் எழுத வேண்டிய தேவை இல்லை.

ஆனா, தான் உயில் எழுதாதவர் கூட அடுத்தவரின் உயிலில் வருவார். வேலைக்காரி, தொழில் பழகும் பையன், கடன் வாங்கிய அண்டை வீட்டுக்காரர் என்று பலர்.

இதில் மனதைப் பிசையும் பகுதி ஒன்று உண்டு. கரீபியன் தீவுகளில் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர்களின் உயில்கள் பலவும் கேன்டர்பரி நீதிமன்றத்தில்தான் ஒப்புதல் பெற்றன. அந்த உயில்களில் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களின் பெயர்கள் ஆடு மாடு, பாத்திரங்களோடு சேர்ந்து சொத்தாக எழுதப்பட்டிருக்கும். அந்த மனிதர்களின் வாரிசுகளுக்கு, தங்கள் மூதாதையரின் பெயர் இருக்கும் ஒரே எழுத்து அவரை உடைமையாக வைத்திருந்தவரின் உயிலாகவே இருக்கலாம்.

திருமணப் பதிவிலும் ஒரு நீண்ட மௌனம் இருந்தது. 1837 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணச் சான்றில் மணமக்களின் தகப்பனார் பெயர், தொழில் மட்டும்தான் இருந்தன. தாயின் பெயருக்கு இடமே கிடையாது. 2021 மே 4 முதல்தான் தாயின் பெயரும் சேர்ந்தது.

இந்தியாவுக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

1616 டிசம்பர் 22 அன்று லண்டன் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் தேவாலயத்தில் ஓர் இளைஞருக்கு ஞானஸ்நானம் நடந்தது. வங்காள விரிகுடா பகுதியிலிருந்து கிழக்கிந்திய கம்பெனிக் கப்பலில் போனவர். அவருக்குப் பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஜேம்ஸ் மன்னர். பீட்டர் போப் என்று வரலாற்றில் நிற்கும் அந்த இந்தியரின் சொந்தப் பெயர் என்ன, ஊர் எது, தாய் தகப்பன் யார்? பதிவேட்டில் இல்லை.

கம்பெனி இங்கே கோட்டை கட்டியபோது பதிவேட்டுப் பழக்கமும் கூடவே வந்தது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, எலிஹு யேல் திருமணம் அங்கே நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்தது இவரால்தான். 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவின் திருமணமும் அதே தேவாலயத்தில்தான்.

மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களின் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்தியாவில் இறந்த ஆங்கிலேயர்களின் உயில்களும் சாமான் பட்டியல்களும் அங்கே இருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேட முக்கியமான வழி இதுதான்.

அந்த வழியும் ஓர் இடத்தில் முட்டி நிற்கும். ஞானஸ்நானப் பதிவில் தகப்பனாரான சிப்பாய் அல்லது அதிகாரியின் முழுப் பெயர் இருக்கும். இந்தியத் தாயின் பெயர் பல பதிவுகளில் இருக்காது, 'உள்நாட்டுப் பெண்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். சில நேரம் தகப்பனாரின் உயிலில், அவர் விட்டுப்போன பணத்தையோ வீட்டையோ பெற்றவராக, அந்தப் பெண்ணின் பெயர் முதன்முறையாக வெளியே வரும். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

பதிவேடு சொல்வதெல்லாம் உண்மையா?

2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. 1485இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையது என்று 2013இல் அறிவித்தார்கள். எப்படி உறுதி செய்தார்கள்? ரிச்சர்டின் சகோதரி வழியில், தாய்க்குத் தாய் என்று வாழையடி வாழையாக ஆவணங்களைத் தொடர்ந்து, இன்று உயிரோடு இருக்கும் உறவினர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களின் மரபணு எலும்போடு பொருந்தியது.

தகப்பன் வழியையும் சோதித்தார்கள். ஆவணப்படி ரிச்சர்டின் அதே ஆண் வழியில் வந்த ஐந்து பேரின் மரபணு எடுக்கப்பட்டது. பொருந்தவில்லை. காகிதத்தில் தகப்பன் என்று இருப்பவர், நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில், உண்மையான தகப்பன் இல்லை.

ஊரறிய சொன்னது எதுவோ அதைத்தான் பதிவேடு எழுதிக்கொள்ளும். பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யும் பதிவாகும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு ஆவணத்தை மட்டும் நம்பமாட்டார்கள். பதிவேட்டை உயிலோடும், உயிலை மக்கள்தொகைக் கணக்கோடும், நகலை அசலோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சரி, ஸ்கேன் போதாதா?

ஸ்கேன் செய்வதை யாரும் எதிர்க்கவில்லை. நகல் எடுத்ததால்தான் பல ஆவணங்கள் பிழைத்தன என்பது இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் எக்ஸெட்டர் நகரில் குண்டு வீசியபோது, அங்கிருந்த உயில் பதிவகம் எரிந்தது. டெவன் மாவட்டத்தின் பழைய உயில்கள் ஏறக்குறைய மொத்தமும் போயின. வரி அலுவலகத்தில் இருந்த நகல்களால் 1812 முதல் 1857 வரையான ஒரு பகுதி மட்டும் மீண்டது. அதே 1942 டிசம்பரில், இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் தீ விபத்தில் சாம்பலாயின. பக்கத்து நாடான அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பல நூற்றாண்டு உயில்களும் தேவாலயப் பதிவேடுகளும் அழிந்தன. நூறு ஆண்டுகள் கழித்து, வேறு இடங்களில் இருந்த நகல்களைத் தேடித் தொகுத்து இணையத்தில் அதை மீட்டெடுக்க முயல்கிறார்கள்.

இந்த அனுபவங்கள் சொல்வது ஒன்றுதான்: ஒரே பிரதி மட்டும் இருப்பது ஆபத்து. காகிதம் மட்டும் இருந்தால் தீ. கணினி மட்டும் இருந்தால்? 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்தது. நூல் பட்டியல் உட்பட அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அடுத்த இரண்டே மாதத்தில்தான் உயில் யோசனை வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கேன் என்பது இன்று நமக்கு எது தெரிய வேண்டுமோ அதை எடுத்த படம். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று அதற்குத் தெரியாது.

மறுபடியும் ஷேக்ஸ்பியர் உயிலுக்கே வருவோம். கட்டில் பற்றிய அந்த வரி, இரண்டு வரிகளுக்கு நடுவே பிறகு செருகியது. அசலைப் பார்த்தால்தான் அது தெரியும். நீதிமன்றப் பதிவேட்டில் குமாஸ்தா எடுக்கும் நகல்களில் இப்படிப்பட்ட அடித்தல் திருத்தல் பொதுவாகக் காணாமல் போய், எல்லாம் ஒரே சீரான வரியாகிவிடும். 2016இல் நேஷனல் ஆர்கைவ்ஸ் ஆய்வாளர்கள் அசல் உயிலின் காகிதத்தையும் மையையும் நவீன ஒளிக் கருவிகளால் சோதித்தார்கள். இரண்டாம் பக்கம், அதற்கு முன்பே எழுதிய வேறொரு உயிலிலிருந்து எடுத்துச் சேர்த்ததாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 400 ஆண்டுகளாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த உண்மை. வெறும் படம் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது.

யார் முக்கியமானவர் என்று யார் முடிவு செய்வது?

அரசின் யோசனையில் அதிகம் அடிவாங்கியது இந்தப் பகுதிதான். பிரபலங்களின் உயிலை வைத்துக்கொள்வோம், மற்றதை அழிப்போம் என்றால், பிரபலம் என்பதை எந்த ஆண்டில் நின்று முடிவு செய்வது?

ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல், 1850களின் கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கவனித்துக்கொண்டவர். வாழ்ந்த காலத்தில் புகழ் பெற்றிருந்தார். 1881இல் லண்டனில் இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மறந்துபோனார்கள். 2004இல் நடந்த வாக்கெடுப்பில் மிகச் சிறந்த கறுப்பின பிரிட்டன் குடிமகனாகத் தேர்வானார். 2016இல் லண்டனில் சிலை வைத்தார்கள்.

அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, அதாவது 1906இல், ஓர் அதிகாரி உட்கார்ந்து யாருடைய உயிலை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போட்டிருந்தால், மேரி சீகோல் பெயர் அதில் இருந்திருக்குமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்தான் எல்லாமே இருக்கிறது. 45 லட்சம் பவுண்டு சிறிய தொகை இல்லை. மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் பணம் போதாத நேரத்தில் பழைய தாள்களுக்கு ஏன் செலவு என்று அரசு கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனா, பட்டியலில் இடம்பிடிக்கிற பிரபலத்தைப் பற்றி எழுத வேறு நூறு ஆவணங்கள் இருக்கும். பெயர் தெரியாதவருக்கு இருப்பது அந்த ஒரே ஒரு தாள்தான்.

ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்து மூன்றே மாதத்தில், 1564 ஜூலை 11 அன்று, அதே ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேட்டில் ஓர் அடக்கம் பதிவாகியிருக்கிறது. பெயர் ஆலிவர் கன். தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். பக்கத்தில் லத்தீனில் ஒரு சிறு குறிப்பு: கொள்ளைநோய் இங்கே தொடங்கியது. அந்த நோய் அந்த ஆண்டு சின்னஞ்சிறு ஊரில் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. சில தெரு தள்ளி, தொட்டிலில் இருந்த ஷேக்ஸ்பியர் தப்பினார்.

ஆலிவர் எப்படி இருப்பான், யார் பெற்ற பிள்ளை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நோய் அந்த ஊருக்குள் எந்த நாளில் நுழைந்தது என்று இன்று உலகம் தெரிந்துகொள்வது அவனுடைய அந்த ஒரு வரியால்தான்.